அண்ணனூர் சிக்னலும் ஆவடி அக்காவின் இரண்டு இட்லியும்

நீங்கள் திருடினீர்கள், ஐயா. எங்கள் நெமிலிச்சேரி எழுதிய வாக்கியத்தை எடுத்து, அதிலிருந்த ஆவடி அக்காவைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, உங்கள் புத்தகத்தில் உங்கள் வாக்கியமாக அச்சடித்தீர்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

படிப்பவர்களுக்கு விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். நெமிலிச்சேரி என்பது ஊர்தான், ஆனால் எங்களுக்கு அது ஒரு பெண். காலையில் சென்ட்ரல் போகும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த ஸ்டேஷனில் ஏறுகிறோமோ அதுதான் பேர். நான் பட்டாபிராம். எனக்கு முந்தைய ஸ்டேஷனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்துத் தருகிறவள் நெமிலிச்சேரி. எங்களுக்குப் பிறகு ஏறி, எங்கள் இருவரையும் இடித்து நகர்த்தி மூன்றாவது ஆளாக உட்காருகிறவர் ஆவடி அக்கா. "நெமிலிச்சேரிக்கு ஜுரமாம்", "ஆவடிக்குப் பல்லு புடுங்கிட்டாங்களாம்", "பட்டாபிராம் இன்னிக்குக் கோபமா இருக்கு, பேசாத" என்று நாங்கள் பேசுவதைக் கேட்டு, புதிதாக ஏறுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். பிரஸ் மெஷினிலிருந்து வரும் சின்னச் சின்ன இரும்புச் சாமான்களை அளந்து பார்த்துப் பிரிப்பது வேலை. சரியாக இருந்தால் ஒரு டப்பா, சரியில்லாவிட்டால் ஒரு டப்பா. நாள் முழுக்க இதையே செய்கிறவளுக்குப் பேச்சும் அப்படித்தான் வரும். ஆவடி அக்கா பெரம்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. நெமிலிச்சேரி எங்கள் இரண்டு பேரையும் விடச் சின்னவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பி.காம். படித்திருக்கிறாள். ஒரு கம்பெனியில் போனில் வருகிற புகார்களுக்குப் பதில் சொல்லும் கான்ட்ராக்ட் வேலை. எப்போது வேண்டுமானாலும் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிடுவார்கள். அதனால்தான் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்தாள். அவள் வயதுக்கு இந்த முறைதான் கடைசி. அதற்கு மேல் எழுத முடியாது.

வீட்டில் படிக்க நேரமில்லை. ரயிலில்தான் படிப்பாள். கணக்கும் பொது அறிவும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தமிழில்தான் தடுமாறினாள், அதிலும் அணிகளில். அப்போதுதான் போனில் உங்கள் வகுப்பைக் கண்டுபிடித்தாள், ஐயா. உண்மையை மறைக்க மாட்டேன். நீங்கள் நன்றாகத்தான் நடத்தினீர்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு மண்டையில் ஏறாதது உங்கள் குரலில் ஏறியது. ஒரு இயர்போனை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அவள் காதிலும் ஒன்றை என் காதிலும் வைத்துக்கொண்டு கேட்போம். ஆவடி அக்கா ஏறியதும், "எனக்கின்னா, நானு இன்னா செவுடா?" என்பார். உடனே இயர்போனைப் பிடுங்கிவிட்டு சத்தமாக வைப்போம்.

இப்படித்தான் எங்கள் பெட்டியில் அணி இலக்கணம் ஏறியது. இறங்கவே இல்லை.

உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. நெமிலிச்சேரி சொன்னாள், "உங்க சூப்பர்வைசர் மூஞ்சி தோசைக்கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னீயள்லா? அது உவமை."

"சரி."

"மாதிரியை எடுத்துட்டு, அந்தத் தோசைக்கல்லு வந்து நின்னுச்சுன்னு சொன்னா?"

"அவனே தோசைக்கல்லு."

"அதுதான் உருவகம்."

அன்று கம்பெனியில் சூப்பர்வைசர் வந்து என் மேஜை முன்னால் நின்றபோது சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். மெமோ வாங்கியிருப்பேன்.

வஞ்சப்புகழ்ச்சிக்கு வகுப்பே தேவைப்படவில்லை. அதை ஆவடி அக்கா பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் ஒரு பெண், காலியாக இருந்த இடத்தில் கைப்பையையும் காலையும் வைத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவடி அக்கா அவள் எதிரில் போய் நின்றார்.

"நல்லா நீட்டிக் குந்துமா ராசாத்தி. உங்கப்பாரு கட்டி வுட்ட ரயிலு. பாவம், தலகாணி இல்லாம வந்துட்ட. நாளைக்கு நானு எடுத்தாறேன்."

அந்தப் பெண் காலை எடுத்தாள். நெமிலிச்சேரி கைதட்டி, "வஞ்சப்புகழ்ச்சி! முழு மார்க்கு!" என்று கத்தினாள். ஆவடி அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "த்தோ பாரு, நானு பேசறதுக்கெல்லாம் பேரு கீதாம்" என்று எதிர் சீட்டுக்காரர்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு திட்டி முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "இது இன்னா அணி?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பாதிக்கு மேல் எந்த அணியிலும் சேராது. வெறும் வசவு. அதையும் நெமிலிச்சேரி மனம் நோகாதபடி ஏதாவது ஒரு அணியில் சேர்த்துவிடுவாள்.

ஆளுக்கு ஒரு அணி என்றும் பிரித்துக் கொடுத்தாள். ஆவடி அக்கா வஞ்சப்புகழ்ச்சி. பூக்கட்டிக்கொண்டே வருகிற ஒரு அம்மா, தன் மருமகளைப் பற்றி வாயைத் திறந்தாலே உயர்வு நவிற்சி. எனக்கு இயல்பு நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்வது.

"அது ஒரு அணியாடி? அதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"அதான் இருக்குதுலயே கஷ்டம் யக்கா. ஒண்ணுமே சேக்காம சொல்லணும்லா."

அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கோபக்காரி, மூஞ்சியில் அடித்தாற்போலப் பேசுகிறவள் என்றுதான் ஊரில் என்னைச் சொல்வார்கள். அதற்கு ஒரு நல்ல பேர் இருக்கிறது என்று முதலில் சொன்னவள் அவள்.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன்.

ஆவடி தாண்டி அண்ணனூர் வருவதற்குள் ஒரு சிக்னல் இருக்கிறது. எங்கள் ரயில் அநேகமாகத் தினமும் அங்கே நிற்கும். எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். வேலைக்கு வந்த நேரத்தைப் பஞ்ச் போட வேண்டியவர்கள் வாட்சைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் மட்டும் வேறு வேலை நடக்கும். ஆவடி அக்கா மடியிலிருந்து டிபன் டப்பாவை எடுப்பார். வீட்டில் எல்லோருக்கும் கட்டிக்கொடுத்துவிட்டு, தனக்கு இரண்டு இட்லியைப் போட்டுக்கொண்டு ஓடிவருகிறவர். வண்டி ஓடும்போது திறந்தால் சாம்பார் புடவையில் கொட்டும். வார்டுக்குள் போய்விட்டால் அப்புறம் மத்தியானம்தான். ஆகவே அந்தச் சிக்னல்தான் அவருக்குச் சாப்பாட்டு நேரம். வண்டி நின்றதும் நெமிலிச்சேரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் தயாராக வைத்துக்கொள்வாள். கடைசி வாய் உள்ளே போவதற்கும் வண்டி குலுங்கி நகர்வதற்கும் சரியாக இருக்கும்.

அந்த வாரம் நீங்கள் தற்குறிப்பேற்ற அணி நடத்தினீர்கள். தானாக நடக்கிற ஒரு காரியத்துக்கு, எழுதுகிறவர் தன் மனசில் இருக்கும் காரணத்தை ஏற்றிச் சொல்வது. மேகம் தானாகத்தான் நிலாவை மறைக்கிறது, ஆனால் இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நிலாவே வெட்கப்பட்டு ஒளிந்தது என்று சொன்னால் அது தற்குறிப்பேற்றம் என்று விளக்கினீர்கள். எல்லோரும் சொந்தமாக ஒரு எடுத்துக்காட்டு எழுதி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை நேரலையில் படிக்கிறேன் என்றீர்கள்.

அடுத்த நாள் சிக்னலில் வண்டி நின்றது. ஆவடி அக்கா சாப்பிட்டார். நெமிலிச்சேரி பாட்டிலைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு போனை எடுத்துத் தட்டினாள். தட்டி முடித்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள்.

"அண்ணனூர் சிக்னல் சிவப்பாகவே நிற்கிறது, ஆவடி அக்கா இரண்டு இட்லியைச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று."

ஆவடி அக்கா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "எனுக்காகவா நிக்கிது?"

"ஆமா யக்கா."

"போடி." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் டப்பாவை மூடும்போது ஜன்னல் வழியாக எட்டிச் சிக்னலைப் பார்த்தார். தினமும் போகிற வழிதான். அன்றுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த இடத்தில் நின்ற நேரத்துக்கெல்லாம் ரயில்வேயைத் திட்டியவள் நான். அன்றிலிருந்து திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளால் நேரலை பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு விருந்தாளிகள். திங்கட்கிழமை ஆவடி அக்கா ஏறும் வரை காத்திருந்து, பதிவை எடுத்து, போனைச் சத்தமாக வைத்தாள். பூக்கட்டும் அம்மாவைக் கூடக் கிட்டே கூப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே அன்று.

நீங்கள் அந்த வாக்கியத்தைப் படித்தீர்கள். படித்துவிட்டுச் சிரித்தீர்கள். "இது அணி இல்லம்மா, டிபன்" என்றீர்கள். "லேடீஸ் கம்பார்ட்மென்ட் அரட்டையை எல்லாம் இலக்கியம்னு அனுப்பாதீங்க. இந்த மாதிரி எழுதினா பரீட்சையில இட்லிதான் கிடைக்கும்" என்றீர்கள். திரையின் ஓரத்தில், பார்த்தவர்கள் போட்ட சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக ஏறிக்கொண்டே போயின.

நெமிலிச்சேரி போனை அணைத்தாள்.

"அவரு சரியாத்தான் சொல்லுதாரு யக்கா. நான்தான் விளையாட்டா அனுப்பிட்டேன்" என்றாள்.

"இன்னா சரி? அந்தாளு இட்லி துன்ன மாட்டானாமா?" என்று ஆவடி அக்கா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றே உங்களைத் திட்டி எழுதியிருப்பேன். நெமிலிச்சேரிதான் கையைப் பிடித்தாள். வாத்தியார் என்றால் நாலு பேர் முன்னால் சொல்லத்தான் செய்வார் என்றாள். நானும் விட்டுவிட்டேன். தரமில்லை என்று ஒரு சாமானைத் தள்ளுவது அவரவர் தீர்ப்பு. நானே தினமும் தள்ளுகிறேன். அதற்குள் நான் போக மாட்டேன்.

ஆனால் அவள் உங்கள் வகுப்பைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது. ஆவடி அக்கா திட்டிவிட்டு, "இது இன்னா அணி?" என்று கேட்டால், "தெரியல யக்கா" என்பாள். கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று பார்த்தோம். மாதங்கள் ஓடியும் ஆகவில்லை. தேர்வுக்கு விண்ணப்பம் போடச் சொல்லி அறிவிப்பு வந்தது. அவள் போடவில்லை.

அப்போது ஆவடி அக்கா ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் ஆவடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புத்தகக் கடைக்குப் போய், "பரீச்ச எழுதறவங்களுக்கு, தமிழ்ல, அணி போட்டிருக்கற பொஸ்தகமா குடு. புச்சா வந்ததா குடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். யார் எழுதியது என்றெல்லாம் பார்க்கவில்லை. அட்டை பளபளவென்று இருந்ததாம். மஞ்சள் பையில் சுற்றி, டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து நெமிலிச்சேரி மடியில் போட்டார்.

"இத்தப் படி. படிச்சிட்டுப் போயி எழுது. எழுதலேன்னு வை, நாளையிலேர்ந்து ஒனக்கு இங்க எடம் கெடயாது. வாசப்படியாண்ட நின்னுகினு வா."

நெமிலிச்சேரிக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டையில் உங்கள் படம் இருந்தது, ஐயா. அதைப் பார்த்ததும் அவள் கை நின்றது. ஆனாலும் அக்கா வாங்கிக் கொடுத்ததாயிற்றே என்று பிரித்தாள். தற்குறிப்பேற்ற அணி இருக்கும் பக்கத்துக்கே போனாள். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நிலா இருந்தது. மேகம் இருந்தது. அதற்குக் கீழே, ஆசிரியரின் சொந்த எடுத்துக்காட்டு என்று தடித்த எழுத்தில் போட்டு, இந்த வாக்கியம் இருந்தது.

"ஏழைத்தாய் ஒருத்தி இரண்டு இட்லியைச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று சிக்னல் சிவப்பாகவே நிற்கிறது."

நான் சத்தமாகப் படித்தேன். ஆவடி அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

"இது நம்ம நெமிலிச்சேரி எய்துனது தானே?"

"ஆமாக்கா."

"நானு எங்க?"

"உங்களை எடுத்துட்டான்க்கா. ஏழைத்தாய்னு போட்டிருக்கான்."

"எவடி ஏழ?" அக்கா எழுந்து நின்றுவிட்டார். "மாசமானா சம்பளம் வாங்கிகினு கீறேன். சொந்த ஊடு கீது. ரெண்டு இட்லி துன்றது நேரமில்லாமடி, இட்லி இல்லாமயா? அந்தாளு இன்னா என் ஊட்டு அடுப்பாண்ட வந்து பாத்தானா?"

அக்கா சொன்னதில் எல்லாமே இருக்கிறது, ஐயா. ஆவடி அக்கா என்று இருந்தால் அது ஒரு ஆள். அவருக்கு வேலை இருக்கிறது, அவசரம் இருக்கிறது, அவருக்காக ஒரு சிக்னல் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒரு தோழி இருக்கிறாள். அந்த ஆசைதான் வாக்கியத்தில் ஏறியிருக்கிற குறிப்பு. நீங்கள் நடத்தியதுதானே இது? ஏழைத்தாய் என்று மாற்றியதும் அங்கே ஆள் யாரும் இல்லை. பரிதாபம்தான் இருக்கிறது. திருடியதோடு விட்டிருக்கலாம். கெடுத்து வேறு வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் கம்பெனியில், சரியில்லை என்று சிவப்புப் பெயின்ட் அடித்துத் தள்ளிய சாமானை ஒருவன் பின்வாசல் வழியாக எடுத்துப் போய், பெயின்டைச் சுரண்டிவிட்டு, தன் முத்திரையைக் குத்தி விற்றால், கேட்டில் வைத்துப் பிடிப்போம். அவனை ஆசிரியர் என்று கூப்பிட மாட்டோம்.

ஆனால் எனக்கு உங்கள் மேல் இவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் அது இல்லை. நெமிலிச்சேரி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அல்லது சந்தோஷப்படுவாள், பார்த்தாயா அணிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார் என்று. அவள் இரண்டும் செய்யவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"சிக்னல்ல நின்னா எல்லாருக்கும் தோணுறதுதான் போல யக்கா. அவருக்கும் தோணியிருக்கும். நான் என்னமோ எனக்கே தோணுனதுன்னு நெனச்சுட்டேன்."

அத்தனை நாள் அந்த சிக்னலில் நின்றவள் நான். எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெட்டியில் இருந்த ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவளுக்குத்தான் தோன்றியது, ஏனென்றால் அவள்தான் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவளிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். "நீங்க என் மேல உள்ள பிரியத்துல சொல்லுதீய" என்கிறாள். உள்ளதை மட்டும்தான் சொல்வேன் என்று எனக்குப் பேர் வைத்தவளே இப்போது நான் சொல்வதை நம்பவில்லை.

போனில் உங்கள் வகுப்பின் பக்கத்துக்குப் போய்க் கேட்டேன். "இது என் தோழி அனுப்பிய வாக்கியம், நீங்கள் கேலி செய்தது, புத்தகத்தில் எப்படி வந்தது?" என்று மரியாதையாகத்தான் எழுதினேன். எனக்கு அதுவே பெரிய கஷ்டம். "எடுத்துக்காட்டுகள் யாருக்கும் சொந்தமில்லை மேடம்" என்று பதில் வந்தது. யாருக்கும் சொந்தமில்லை என்றால் உங்கள் சொந்தம் என்று ஏன் தடித்த எழுத்தில் போட்டீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே எனக்குத் திறக்கவில்லை. வேறு போனில் பார்த்தால், அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவையும் தூக்கிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

இப்போது எங்கள் பெட்டியில் நடப்பதைச் சொல்கிறேன். நெமிலிச்சேரி எனக்கு இடம் பிடித்துத் தருகிறாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். விண்ணப்பம் இன்னும் போடவில்லை, கடைசி நாள் நெருங்கிவிட்டது. கேட்டால், "எனக்குத் தமிழ் வராது யக்கா, எதுக்கு வீணா" என்கிறாள். ஆவடி அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வண்டி சிக்னலில் நிற்கிறது. அக்கா திறப்பதில்லை.

"சாப்புடுங்கக்கா" என்று நான் சொன்னால், "அவ பரீச்சைக்கி எய்திப் போடட்டும், அப்பால துன்றேன்" என்கிறார். நெமிலிச்சேரிக்குக் கேட்கும்படிதான் சொல்கிறார். அவள் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, "சாப்பிடுங்க யக்கா" என்று கெஞ்சுகிறாள். இவர் அசைவதில்லை. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கிற பிரியத்தில் ஒருத்தி படிக்காமலும் ஒருத்தி சாப்பிடாமலும் வருகிறார்கள். நடுவில் நான். பிறகு வண்டி நகர்கிறது. அக்கா அப்படியே வார்டுக்குப் போகிறார்.

சிக்னல் இப்போது எதற்காக நிற்கிறது என்று கேட்காதீர்கள். எனக்கு ஏற்றிச் சொல்லத் தெரியாது. முன்னால் போன வண்டி இன்னும் நகரவில்லை, அதனால் நிற்கிறது.

ஐயா, எனக்கு உங்கள் மன்னிப்பு வேண்டாம். புத்தகத்தைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. தனியாகப் போன் செய்து சமாதானம் பேசாதீர்கள், எடுக்க மாட்டேன். எங்கே வைத்துச் சிரித்தீர்களோ, அதே ஞாயிற்றுக்கிழமை நேரலையில், அத்தனை பேர் பார்க்க, அந்த வாக்கியத்தை ஆவடி அக்காவோடு முழுசாக ஒரு தடவை படியுங்கள். படித்துவிட்டு இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அது அணியா, இல்லையா? அது யாருக்குத் தோன்றியது?

விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்னால் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. மறுநாள் காலை பெட்டியில் நாங்கள் மூன்று பேரும் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு கேட்போம். பதில் சொல்லுங்கள்.